ரப்பர் மரப் பலகையில் லேசர்: சன்னல் திறந்தால் போதுமா?

கேள்வி: மலேசியா சுங்கை சிப்புட், வீட்டுப் பின்கட்டு. 10 வாட் டையோட் லேசர். பலகையில் பெயர் பொறிக்கிறேன், அடுத்து ரெக்சின் (செயற்கைத் தோல்) சாவிக்கொத்து. புகை போக சன்னல் திறந்தால் போதுமாண்ணே?

பதில் 1: போதாது தம்பி. மூடுபெட்டி வை, 4 அங்குலக் குழாயில் ஊதுவிசிறி மாட்டிப் புகையை வெளியே தள்ளு. ரெக்சின் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக், சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சும் எரியும், மெஷின் தண்டவாளமும் துருப்பிடிக்கும். சந்தேகமா? செம்புக்கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ரெக்சின் துண்டில் ஒற்றி, கம்பியை மறுபடி நெருப்பில் காட்டு; வீட்டுக்கு வெளியில் வைத்துச் செய். பச்சைச் சுடர் வந்தால் பிவிசிதான், தூக்கிப் போடு.

பதில் 2: கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியில் 450 நானோமீட்டர் (உங்கள் லேசரின் நீல ஒளி), OD 5 (ஒளியைத் தடுக்கும் அளவு) என்று அச்சிட்டிருக்கணும். கார்பன்டையாக்சைடு லேசருக்கான நிறமற்ற கண்ணாடி நீல ஒளியை அப்படியே விட்டுவிடும்லா!

பதில் 3: மெஷின் ஓடும்போது தேத்தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) போடக்கூட நகராதீங்க.