சாவியில்லாமல் திறந்து பழக அடுத்து எந்தப் பூட்டு வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பூட்டைச் சாவியில்லாமல் திறக்கப் பழகி மூன்று மாதம் ஆகிறது. என் சொந்தப் பூட்டுகளில் மட்டும்தான். வாசல் கதவில் இருப்பதைத் தொடுவதே இல்லை.

முதலில் வாங்கியது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பூட்டு. பின்கள், அதாவது சாவி தூக்கும் சின்ன உலோகக் குச்சிகள், ஏறி இறங்குவதைப் பார்க்கலாம், ஆனால் கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் நான்கு பின் உள்ள மாஸ்டர் லாக் 3. ஒரு பின் சரியான உயரத்தில் உட்காரும்போது விரல்நுனியில் மெல்லிய 'டிக்' தெரியும்; பூட்டைத் திருப்பும் பக்கமாக அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் கம்பி இழையளவு நகரும். அந்த டிக்குக்காகவே ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது ஸ்பூல் பின் பழக ஆசை; அது நடுவில் ஒடுங்கியிருக்கும், சரியாக உட்கார்ந்ததுபோல ஏமாற்றும். பின்களை மாற்றிப் போடக்கூடிய பயிற்சிப் பூட்டு நல்லதா, நேராக ஸ்பூல் பின் உள்ள அமெரிக்கன் லாக் 1100 பூட்டுக்குப் போகலாமா? பின்களைத் தூக்கும் கம்பியான என் பிக் 0.6 மி.மீ. தடிமன், குறுகலான சாவித்துளையில் சிக்குகிறது. 0.4 மி.மீ. வாங்கினால் சீக்கிரம் வளைந்துவிடுமா?

இன்னொன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. அது லீவர் பூட்டு, உள்ளே பின்களுக்குப் பதில் சாவி தூக்கும் தகடுகள்; இந்த பிக் அதற்கு உதவாது. லீவர் பூட்டுக்கான கருவியைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், எதில் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.