பெரியப்பாவின் கண்ணும் கொழுப்பு மாத்திரையும்

பெரியப்பா: கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சர்க்கரையால் விழித்திரையில் லேசாகப் பாதிப்பு ஆரம்பித்திருக்கிறதாம். பார்வையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை பற்றிச் சொன்னார். அது கொழுப்புக்குக் கொடுப்பதாயிற்றே? மலர், பார்த்ததும் பதில் போடம்மா.

செல்வி அத்தை: கண்ணுக்குக் கொழுப்பு மாத்திரையா? அண்ணா, இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

மலர்: கேளுங்கள் அத்தை, தப்பில்லை. ஆனால் டாக்டர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. ஃபீல்ட் என்று ஒரு பெரிய ஆய்வு இதயத்துக்காக நடந்தது. அதில் இந்த மாத்திரை எடுத்தவர்களில் கண்ணுக்கு லேசர் தேவைப்பட்டவர்கள் குறைவு என்று தெரியவந்தது. அப்புறம் ஸ்காட்லாந்தில் லென்ஸ் என்ற ஆய்வு கண்ணுக்காகவே நடந்து, 2024இல் முடிவு வந்தது. 1,151 பேர், எல்லோரும் பெரியப்பா மாதிரி ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். நோய் முற்றி மேல் சிகிச்சை தேவைப்படுவது 27 சதவீதம் குறைந்தது.

குமரன்: அப்படியானால் அதையே சொட்டு மருந்தாக விடலாமே அக்கா? உடம்பு முழுக்கச் சுற்றி வருவானேன்?

மலர்: ஆராய்ச்சி செய்கிறவர்களும் அதற்குத்தான் பாடுபடுகிறார்கள் குமரா. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டையே நம் கண்ணால் முழுசாகத் தாங்க முடியாது. பாதி கன்னத்தில் வழிந்துவிடும், மீதியில் நிறைய மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். சொட்டு விட்டதும் தொண்டை கசக்கிறதே, அதனால்தான். பொதுவாக 5 சதவீதம்கூடக் கருவிழியைத் தாண்டி உள்ளே போகாது. விழித்திரையோ கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. உள்ளே சுரக்கும் நீர் முன்பக்கமாக வடிவதால், போன மருந்தையும் அது இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

செல்வி அத்தை: என் நாத்தனாருக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்களே?

மலர்: ஆமாம் அத்தை, நேராகப் போய்ச் சேர அதுதான் வழி. அப்படிப் போடுகிற பெவாசிசுமாபும் வேறு நோய்க்கு வந்த மருந்துதான். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, அடுத்த வருடமே கண்ணில் போட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கு வெறும் 0.05 மில்லி போதும். ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அபூர்வமாகக் கிருமித் தொற்றும் வரலாம். அதனால்தான் உள்ளேயே கரைந்து, சில மாதங்களுக்கு மருந்தை மெல்ல விடும் சின்னக் குச்சியும் வந்திருக்கிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அப்படி வைக்கிறார்கள்.

பெரியப்பா: எனக்கு ஊசி வேண்டியிருக்குமா?

மலர்: இப்போதைக்கு டாக்டர் மாத்திரைதானே சொல்லியிருக்கிறார், பயப்படாதீர்கள். ஆனால் தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அதில் தெரியும்; சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களுக்கு இது ஒத்து வராது. நீங்கள் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள், முக்கியமாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இருந்தால் அதை. சர்க்கரை மாத்திரையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள் பெரியப்பா.

பெரியப்பா: சரிம்மா. வியாழக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே டாக்டரையும் பார்க்கிறேன்.

குமரன்: நானும் வருகிறேன் பெரியப்பா. கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் உங்களால் வண்டி ஓட்ட முடியாது.