மாநிலக் கல்லூரியின் செங்கல் கட்டடமும் நாங்களும்

பழைய கட்டடத்தில் படித்தேன் என்றாலே பேய்க் கதை இருக்கிறதா என்று கேட்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் எங்களுக்கு வாய்த்தது காற்றுதான். காலையில் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவோம். மதியத்துக்கு மேல் கடல் காற்று தாழ்வாரம் வழியாக உள்ளே நுழைந்ததும் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம் 1860களில் வரைந்து 1870இல் திறந்த கட்டடம். மின்விசிறி இல்லாத காலத்துக்காகக் கட்டியது, அதனால்தான் அவ்வளவு உயரமான கூரை. பேராசிரியர் குரல் மேலே போய்விட்டுத்தான் கடைசி பெஞ்சுக்கு இறங்கும். அது எங்களுக்கு வசதியாகவே இருந்தது.

விக்டோரியா விடுதிப் பசங்கள் கதை வேறு. பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம். மேட்ச் நாளில் சத்தத்தை வைத்தே சிக்ஸரா விக்கெட்டா என்று சொல்வார்கள்.

உ.வே.சா. சிலை எங்களுக்குச் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். "தாத்தாகிட்ட நில்லு, வரேன்" என்றால் போதும். ஒருநாள் அங்கே நிற்கும்போது எண்பதை ஒட்டிய ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தமிழ் படித்தவரோ என்று கேட்டேன்.

"இல்லப்பா, கெமிஸ்ட்ரி. ஆனா இவர் 1903லேர்ந்து 1919 வரைக்கும் இங்கதானே பாடம் நடத்தினார்?"

வருடத்தோடு சொன்னார். ராமன், அவர் அண்ணன் மகன் சந்திரசேகர் என்று நோபல் வாங்கிய இருவரும் இங்கே படித்தவர்கள் என்பதை முதலாண்டு வரவேற்பிலேயே எங்கள் காதில் ஓதியிருந்தார்கள். உ.வே.சா. பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் அண்ணாந்து குவிமாடத்தைக் காட்டினார். அந்த நான்கு முகக் கடிகாரம் 1940இல், கல்லூரியின் நூற்றாண்டு சமயத்தில் வைத்ததாம். முதல்வராக இருந்த ஃபைசனின் பெயர் அதற்கு. அவர் தாவரவியல்காரர், கொடைக்கானல் மலைச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். பேத்தி போனில் படம் எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தாள். பெரியவர், "கேன்டீன் இன்னும் இருக்கா?" என்றார்.

இருந்தது. எல்லாருக்கும் டீ சொல்லி, காசை அவரே கொடுத்தார். எங்கள் பையில் எப்படியும் பாஸ் மட்டும்தான் இருந்தது.