முகவரி வெளியா, முகவரிப் பரப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கணினிப் பாடநூலில் ஓர் அத்தியாயம் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கணினியை வடிவமைப்பவர் நினைவக முகவரிக்கு, அதாவது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் இடும் எண்ணுக்கு, எத்தனை பிட் (0 அல்லது 1 ஆன இலக்கம்) ஒதுக்குவது என்பதுதான் பாடம். அப்படி எண்ணிடக்கூடிய மொத்த எல்லையை ஆங்கிலத்தில் address space என்பார்கள். அதற்குப் பழைய கலைச்சொல் பட்டியல் ஒன்றில் 'முகவரி இடம்' என்று இருக்கிறது. "1970இல் வந்த பி.டி.பி-11 கணினியின் முகவரி இடம் 64 கிலோபைட்" என்று எழுதினால், முகவரியை எழுதிவைக்கும் இடம் என்றல்லவா மாணவர் நினைப்பார்? வேறு சொல் தாருங்கள்.

> நினைவகக் கொள்ளளவு என்றால் போதாதா?

போதாது ஐயா. கொள்ளளவு என்பது உள்ளே செருகியிருக்கும் நினைவகம். இது எண்ணிட முடிந்த எல்லை. 32 பிட் முகவரி என்றால் 4 ஜிகாபைட் வரை எண் உண்டு, உள்ளே 1 ஜிகாபைட்தான் இருந்தாலும். நினைவகத்தை அப்புறம் வாங்கிச் சேர்க்கலாம். முகவரியின் நீளம் எழுதி முடித்த நிரல்களிலெல்லாம் ஊறிப்போயிருக்கும். பி.டி.பி-11 அனுபவத்தைப் பற்றி 1976இல் எழுதிய கார்டன் பெல்லும் பில் ஸ்ட்ரெக்கரும், மீள்வதற்குக் கடினமான வடிவமைப்புப் பிழை முகவரி பிட் போதாமல் விடுவதுதான் என்றார்கள். மறு ஆண்டே, பி.டி.பி-11ஐச் செய்த டி.இ.சி. நிறுவனம் 32 பிட் வாக்ஸ் கணினியைக் கொண்டுவந்தது. வாக்ஸ் (Virtual Address eXtension) என்ற பெயரிலேயே முகவரி நீட்டிப்பு ஒளிந்திருக்கிறது.

> முதலில் 'பிட்' தமிழா? அதைத் தீர்த்துவிட்டு மேலே போவோம்.

ஐயா, பிட்டை இந்த வாரம் விட்டுவிடுங்கள்.

> 'முகவரிப் பரப்பு' என்கிறேன். வல்லெழுத்து மிக்கு அழகாக ஒலிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பரப்பு என்றால் காணி அளவு. "இந்தக் கணினி எத்தனை பரப்பு, மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தவிர, முகவரிகள் ஒரே வரிசையில் நிற்கும் எண்கள். பரப்புக்கு நீளம், அகலம் இரண்டும் வேண்டும்.

> காணி அளவுதான் சிக்கல் என்றால் எங்கள் தஞ்சைப் பக்கத்து 'வேலி' இருக்கிறதே! 20 மா ஒரு வேலி. சங்கப் பாட்டிலேயே நில அளவாக வருகிறது. எல்லையும் அளவும் ஒரே சொல்லில்.

அண்ணா, நினைவகப் பாதுகாப்புப் பாடம் வரும்போது அந்த வேலி தேவைப்படும். இப்போதே செலவழிக்க வேண்டாம்.

என் வாக்கு 'வெளி'க்கு. வெறுமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்றைய 64 பிட் கணினிகளைப் பாருங்கள்: இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளின் எக்ஸ்86 வகையில் முதலில் 48 பிட்தான் பயன்பட்டது, அதுவே 256 டெராபைட். அதில் ஒரு நிரல் தொடுவது மிகச் சிறு பகுதி. மிச்சமெல்லாம் வெட்டவெளி. முழு 64ஐயும் ஏன் தரவில்லை என்றால், நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்க அட்டவணை ஒவ்வொரு அடுக்குக்கும் 9 பிட் எடுத்துக்கொள்கிறது. நான்கு அடுக்கு, பக்கத்துக்குள் 12 பிட், ஆக 48. இன்னோர் அடுக்கு சேர்த்தால் 57. ஆனால் தேடும் வேலையும் ஒரு படி கூடும். பயன்படாத மேல் பிட்களில் நிரலர் கைவைக்காதபடி பூட்டியும் வைத்தார்கள். பூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை: மோட்டரோலா 68000 செயலியில் முகவரியின் 32 பிட்டில் 24தான் நினைவகத்துக்கு வெளியே போனது. பழைய மெக்கின்டாஷ் மீதி 8 பிட்டில் கொடிகளை (ஆம், இல்லை என்ற குறிப்புகளை) செருகிவைத்துவிட்டு, பின்னால் வந்த செயலிகள் 32 பிட்டையும் பயன்படுத்தியபோது திண்டாடியது.

> வெளிக்கு நானும் சரி. களைத்துவிட்டேன்.

> சரி.

> பெரும்பான்மை அதுதான் என்றால் சரி. ஆனால் வேலியை யோசியுங்கள்.

நன்றி. 'முகவரிவெளி' என்று சேர்த்தே போடுகிறேன்.

> போடுவதற்கு முன், "முகவரிவெளியில் உள்ள நிரல்" என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள் அம்மா. நிரல் உள்ளேயா, வெளியேயா?

'வெளிக்குள்' என்று மாற்றிவிட்டேன் ஐயா. கோப்பு அனுப்பியாயிற்று.

> பரப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.