அப்டேட்: ஏரித் ஷூட்டுக்கு இடம் கிடைச்சாச்சு!

ஃபைனல் ஃபேன்டசி 7 வீடியோ கேம்ல வர்ற பூக்காரப் பொண்ணு ஏரித் மாதிரி வேஷம் போடற காஸ்ப்ளேக்கு, அவ பூ வளர்க்கற அந்த இடிஞ்ச சர்ச் வெளிச்சத்தை எப்படிக் கொண்டு வர்றதுன்னு கேட்டிருந்தேன்ல, கூரையில ஓட்டை விழுந்த பழைய குடோன் ஒண்ணு கிடைச்சிருக்கு, ஓனர்கிட்ட பர்மிஷனும் வாங்கியாச்சு! நேத்து போய்ப் பாத்தோம், உச்சி வெயில் நேரா தரையில வட்டமா விழுது, தண்ணி ஸ்ப்ரே அடிச்சா அந்த ஒளிக்கதிர் தனியா தெரியுது, அப்படியே சிலிர்த்துடுச்சு. முகத்துல விழற நிழலைக் குறைக்க, நீங்க சொன்ன மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வெள்ளை தெர்மாகோல்தான்.

ஏரித்தோட பிங்க் தலை ரிப்பன் முடிச்சுக்குள்ள சின்னதா ஒரு கண்ணாடிக் கோலி வெச்சுத் தைச்சிருக்கேன், அவ ஒயிட் மெட்டீரியாங்கற மந்திர உருண்டையை ஒளிச்சு வெச்சிருக்கற இடம் அதானே, போட்டோல தெரியாது, பரவால்ல, எனக்குத் தெரியும்.

பிரார்த்தனை போஸ் ஒண்ணு ரெண்டு போதும். கூடையில இருந்து ஒரு மஞ்சப்பூ எடுத்து நீட்டறதுதான் மெயின் ஷாட், அதுலதான் அவ இருக்கா.