லாவோகோன் சிலையின் வலது கை: நீட்டியதா, மடங்கியதா?

கரித்துண்டு:
வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் லாவோகோன் பளிங்குச் சிலையைப் படம் பார்த்து வரைந்து பழகுகிறேன். டிராய் நகரத்துப் பூசாரியும் அவருடைய இரண்டு மகன்களும் பாம்புகளிடம் சிக்கித் தவிப்பார்களே, அதுதான். பழைய அச்சுப்படங்களில் அப்பாவின் வலது கை வானத்தை நோக்கி நீண்டிருக்கிறது. இப்போதைய புகைப்படங்களில் அதே கை மடங்கித் தலைக்குப் பின்னால் போகிறது. இரண்டு சிலைகள் இருக்கின்றனவா? நான் எதை வரைவது?

செங்கல்சூளை:
ஒரே சிலைதான். 1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்தபோதே அந்தக் கை இல்லை. நீட்டிய கை 1532இல் மொந்தோர்சோலி என்ற சிற்பி சேர்த்தது. மடங்கிய கையை வரையுங்கள்.

உளிச்சத்தம்:
செங்கல்சூளை சொன்னது சரி. நான் கல்லில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

சிலை கிடைத்த செய்தி வந்ததும் போப் இரண்டாம் ஜூலியஸ், சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரை அனுப்பினார். கூடவே மைக்கலாஞ்சலோவும் போனார். பழங்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த சிலை இதுதான் என்று சங்கல்லோ பார்த்தவுடனே சொல்லிவிட்டார். ரோட்ஸ் தீவுச் சிற்பிகள் மூவர் ஒரே கல்லில் செதுக்கியது என்பது பிளினியின் கணக்கு. உண்மையில் அது பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த சிலை. பிளினிக்கே ஒட்டு தெரியவில்லை என்றால் வேலை எப்படி இருந்திருக்கும், பாருங்கள்!

கை மடங்கித்தான் இருந்திருக்கும் என்று மைக்கலாஞ்சலோ நினைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் நீட்டிய கைதான் ஏறியது, நானூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இதற்கிடையில் 1906இல் லுத்விக் போலாக் என்ற தொல்லியலாளர் ரோமில் ஒரு கல்தச்சர் பட்டறையில் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைப் பார்த்து, வாங்கி, வத்திக்கானுக்குக் கொடுத்தார். இந்தச் சிலையின் வேறொரு பிரதியிலிருந்து உடைந்ததாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஐம்பது ஆண்டுகள் கிடங்கில் கிடந்த கையை 1950களின் கடைசியில்தான் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கையில் இருந்த துளையும் தோளில் இருந்த துளையும் பொருந்தின. பாணி ஒத்துப்போகிறது, தசை ஒத்துப்போகிறது என்று யாரும் எதையும் வாதாடலாம். துளைக்குத் துளை பொருந்துவது வேறு சங்கதி. அதைப் பார்க்கப் போலாக் இல்லை. 1943இல் நாஜிகள் அவரை ரோமிலிருந்து குடும்பத்தோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே இறந்தார்.

இன்னொன்று. பளிங்கு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நீட்டிய கையின் பாரம் முழுக்கத் தோளில் தொங்கும், விரிசல் அங்கேதான் விழும். பழைய சிலைகள் பலவற்றில் காலருகே மரக்கட்டை போல ஒன்று நிற்பதும், கைகளைத் தனியாகச் செதுக்கி உலோக ஆணியில் கோப்பதும் இப்படிப்பட்ட தொல்லையால்தான். மடங்கிய கையின் பாரம் உடம்போடு ஒட்டி நிற்கும்.

பழைய_அட்லஸ்:
எல்லாம் சரி, எனக்கு என்னவோ நீட்டிய கைதான் பிடிக்கிறது. நேராக நின்று பார்த்தால், ஊன்றிய காலிலிருந்து முஷ்டி வரை ஒரே கோடாக ஓடும். மடங்கிய கையில் அந்த வேகம் போய்விடுகிறது.

உளிச்சத்தம்:
அந்த வேகம்தான் எனக்கு இடிக்கிறது. கையை அப்படி ஓங்கி நீட்டியவன் இன்னும் ஜெயிக்கலாம் என்று தோன்றும். இடது இடுப்பைப் பாருங்கள்: பாம்பு வாய் வைத்த இடத்திலிருந்து உடம்பு விலகித் திரும்புகிறது, வயிறு உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது. கை பின்னால் இழுபடுவதும் அதே அசைவின் மீதிதான். ஆள் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

கரித்துண்டு:
சரி, மடங்கிய கையையே வரைகிறேன். அப்புறம், என் அச்சுப்படத்தில் மகன்களின் கைகள் முழுசாக இருக்கின்றன, புகைப்படத்தில் இல்லையே?

உளிச்சத்தம்:
அவையும் பிற்காலத்தில் ஒட்டியவைதான். அப்பாவின் கையை மாற்றியபோது அவற்றையும் கழற்றிவிட்டார்கள். மகன்களின் வலது கைகளை விரல் வரை வரைந்திருந்தால், அது அந்தப் பழைய ஒட்டுவேலையைப் பார்த்து வரைந்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னவனின் வலது கையை விட்டுவிடலாம். பெரியவன் தன் காலில் சுற்றிய பாம்பைக் கழற்றப் பார்க்கும் இடது கையை மட்டும் விட்டுவிடாதீர்கள், மூவரில் தப்பிக்க வாய்ப்பிருப்பது அவன் ஒருவனுக்குத்தான்.