கடைமடைக் கிராமத்தை வைத்து ஒரு சிறுகதை: எங்கிருந்து திருத்துவது?

கோரையாறு (கேள்வி):

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமத்தில் (ஆற்றுப் பாசனத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் ஊர்) நடக்கிற சிறுகதை, சுமார் 2,400 சொல். காலம் 2018. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பில் தொடங்கி, குறுவை (ஜூன் வாக்கில் போடும் குறுகிய கால நெல்) அறுப்பு வழியாக, கார்த்திகை மழையில் சம்பா (அதன்பின் போடும் நீண்ட கால நெல்) மூழ்குவதில் முடிகிறது. படித்தவர்கள் "ஊர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை, பேச்சும் ஒட்டவில்லை" என்கிறார்கள். ஒரு பத்தியை இங்கே தருகிறேன்:

"இரவெல்லாம் மழை பெய்து, முத்தையன் ஒரு கனத்த மனத்தோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சம்பாப் பயிர் முழுவதும் தண்ணீரால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அவர் இதயம் நொறுங்கியது. 'அங்கிட்டு வெட்டிவிட்டா என்னப்பா?' என்று மகன் ஆவேசத்துடன் கூறினான்."

வட்டார வழக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? ஒற்றுப்பிழை, நடை, அமைப்பு இவற்றில் எதை முதலில் கையில் எடுப்பது?

தலைமடை:

நடையைத் தொடும் முன் காலத்தைச் சரிபாருங்கள். 2018-இல் மேட்டூர் திறந்தது ஜூலை 19. ஜூன் 12 என்பது வழக்கமான தேதி, எல்லா ஆண்டும் அது நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடை வாய்க்காலைத் தொட இன்னும் பல நாள். திறந்த மறுநாள் உங்கள் ஊர் மதகில் தண்ணீர் ஓடினால், டெல்டாக்காரர் அந்த வரியோடு கதையை மூடிவிடுவார்.

ஜூலை 19 திறப்பை வைத்துக்கொண்டு அந்த ஊரில் ஆற்றுத் தண்ணீரில் குறுவை அறுத்ததாகவும் எழுத முடியாது. பம்புசெட்டில் போட்டார்கள் என்று சமாளிக்கலாமா என்றால், கடலோரக் கடைமடையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆகவே குறுவைக் காட்சி முழுவதையும் எடுத்துவிடுங்கள். 'இந்த வருஷமும் குறுவை இல்லை' என்ற ஒரு வாக்கியம் போதும். கதைக்கும் அதுதான் நல்லது, சம்பா ஒன்றுதான் கதி என்ற நெருக்கடி தானாக வந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் அந்தப் புயல் கரை கடந்தது. கார்த்திகை பிறப்பதும் அதையொட்டித்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அந்தக் கார்த்திகையில் வெறும் மழையை எழுதினால் எவரும் நம்ப மாட்டார்கள். தென்னை சாய்ந்து, கூரை பறந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த மாதம் அது. புயலைக் கதைக்குள் கொண்டுவந்தால் அது வேறு கதையாகிவிடும், 2,400 சொல் தாங்காது. ஆண்டைச் சொல்லாமல் விடுங்கள் என்பது என் யோசனை. அப்போதும் பயிரின் கணக்கு பொருந்தவேண்டும். நாற்றங்காலில் விதைவிட்டு மூன்று நாலு வாரம் கழித்து நடவு. அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்கள், மழை பிடித்துக்கொண்டால்தான் ஈரத்தில் அறுக்கப் பெல்ட் மெஷினை (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) தேடுவார்கள். இந்தத் தேதிகளை ஒரு தாளில் மாதவாரியாக எழுதி, ஒவ்வொரு காட்சியையும் அதன்மேல் பொருத்திப் பாருங்கள்.

மெய்ப்பு:

பத்திக்கு வருகிறேன்.

"மழை பெய்து, முத்தையன் நின்றார்" என்பதில் வாக்கியம் உடைகிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் (பெய்து, நின்று போல முடியாமல் நிற்கும் வினை) வந்தால், அதையும் முடிக்கும் வினையையும் செய்தவர் ஒருவராக இருக்கவேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்றால் காது ஏற்கிறது, மழையால்தான் குளம் நிறைகிறது. இங்கே அந்தப் பிணைப்பு இல்லை. 'இரவெல்லாம் மழை' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

"தண்ணீரால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது" வேண்டாம். பயிர் மூழ்கியது, அவ்வளவுதான். "கனத்த மனம்", "இதயம் நொறுங்கியது", "ஆவேசத்துடன்" மூன்றும் நீங்கள் வாசகருக்குச் சொல்லும் தகவல். முத்தையனுக்கு அந்த நேரத்தில் தெரிவது வேறு: தண்ணீர் எவ்வளவு, எப்போது வடியும், வடிய வழி உண்டா. அவர் கண்ணில் படுவதை எழுதினால் ஆள் தெரிவார். இப்படி:

"இரவெல்லாம் மழை. விடிந்ததும் முத்தையன் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். நட்டு இருபது நாள் ஆன சம்பா, இலை நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் வயலோடு சமமாக நின்றது.

'அந்தப் பக்கம் வெட்டிவிட்டா என்னப்பா?' என்றான் மகன்.

'வெட்டுனா அங்கேருந்துதான் இங்க வரும்.'

மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்."

அவர் கையில் கருவி இருக்கிறது, வேலைதான் இல்லை. துக்கம் அதில் வந்துவிடுகிறது. பேசியவரைக் காட்ட 'என்றான்' போதும், இரண்டே பேர் பேசும்போது அதுவும் ஒவ்வொரு வரிக்கும் தேவையில்லை.

கோரையாறு:

இருவருக்கும் நன்றி ஐயா. ஆண்டை எடுத்துவிடுகிறேன். 'அங்கிட்டு' என்பதை மாற்றியிருக்கிறீர்கள், அது நம் பக்கத்தில் இல்லையா?

மெய்ப்பு:

அது மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சாகவே காதில் விழும். வேறு வட்டாரத்துச் சொல் ஒன்று நுழைந்தாலே, பக்கத்தில் உள்ள சரியான சொற்களையும் வாசகர் சந்தேகிப்பார். வழக்கை வினைமுடிவிலும் விளிப்பிலும் காட்டுங்கள்: வந்துட்டாங்க, போவல, அப்பாயி. பெயர்ச்சொற்களை எல்லாம் சிதைத்தால் படிப்பவர் எழுத்துக்கூட்டத் தொடங்குவார். கதைசொல்லி மண்வெட்டி என்றும் முத்தையன் மம்புட்டி என்றும் சொல்லலாம், ஆனால் முத்தையன் ஒரு பக்கத்தில் மம்புட்டி, அடுத்த பக்கத்தில் மண்வெட்டி என்று சொல்லக்கூடாது. யார் யாரை 'நீ', யார் யாரை 'நீங்க' என்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். சாதி, வயது, உறவு எல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்கள் கதையின் ஆட்கள் தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம்.

சந்தி:

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒற்றுப்பிழையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்த்தால், பிழை நீக்கி மெருகேற்றிய பத்தியை வெட்டக் கை வராது. எழுதி முடித்து இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். முதல் சுற்றில் காட்சி, காலம் மட்டும்: முதல் மோதல் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று பாருங்கள், நாலாவதைத் தாண்டினால் முன்னே உள்ள ஆற்று வர்ணனையைக் குறையுங்கள். இரண்டாம் சுற்றில் வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். மூன்றாவதில் ஒற்று, அதுவும் பிரிண்ட் எடுத்த தாளில்.

அடிக்கடி தவறுவது இவை: 'ஐ', 'கு' உருபுக்குப்பின் வல்லினம் மிகும் (வாய்க்காலைத் தூர்வாரினார், வயலுக்குப் போனார்). பெயரெச்சத்துக்குப்பின் மிகாது (காய்ந்த பயிர்). 'நின்று பார்த்தார்' என்பதில் மிகாது, 'கேட்டுப் பார்த்தார்' என்பதில் மிகும், வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்துச் சொல்லின் கடைசியில் வரும் குறுகிய உகரம்) என்பதால். 'வேலை கொடுத்தார்' என்றால் கூலிவேலை, 'வேலைக் கொடுத்தார்' என்றால் முருகன் கையில் இருப்பது. பிழைதிருத்தும் மென்பொருள் இந்த இரண்டையும் சரி என்றே விட்டுவிடலாம்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பாமினியில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் படிக்க முடியாது.